ஐஸ் இல்லாத பீரும் உப்புக்கறியும்

போன மாசம் வீட்டில் ஒரு கல்யாணம். இந்தப் பதிவு அந்தக் கல்யாணத்தைப் பற்றி இல்லை. மறுநாள் காரைக்குடிப் பக்கம் கானாடுகாத்தான் தாண்டி ஒரு தென்னந்தோப்பில் நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்து பத்து வகை பீரை வரிசையாகக் குடித்துப் பார்த்தோமே, அதைப் பற்றி. குடி பிடிக்காதவர்கள் இங்கேயே திரும்பிவிடலாம், எனக்கு வருத்தமில்லை.

ஏன் தோப்பு என்றால், வளவுக்குள் பாட்டில் நுழையக் கூடாது என்பது எங்கள் ஐயா காலத்துச் சட்டம். ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர். மண்டலேயில் 1886-லேயே பீர் ஆலை வந்துவிட்டது. ஐயா அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை என்று குடும்பமே நம்புகிறது, நானும் நம்புகிறேன்.

வெளிநாட்டிலிருந்து வருகிற ஆள் ஒருத்தர் வரி கட்டாமல் இரண்டு லிட்டர் மதுதான் கொண்டுவரலாம். அதனால் சிங்கப்பூர் அத்தான் நாலு, மியூனிக்கில் வேலை பார்க்கும் தம்பி நாலு, கொழும்பிலிருந்து வந்த நண்பர் ஒன்று, உள்ளூர்க் கடையில் வாங்கிய ஸ்ட்ராங் ஒன்று. அஞ்சாவது ஆள் எங்கள் சித்தப்பா, அறுபத்தெட்டு வயசு. வண்டி ஓட்ட வந்த பையனுக்குப் பன்னீர் சோடா.

தம்பி ஐம்பது மார்க்குக்கு ஒரு தாள் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தான். நிறம், நுரை, வாசம், கசப்பு என்று கட்டம் கட்டமாக. வாசத்துக்குக் கீழே அடைப்புக்குள் 'பைன், கிரேப்ஃப்ரூட், டாஃபி' என்று எடுத்துக்காட்டு வேறு. காரைக்குடியில் பைன் மரத்தை எவன் மோந்து பார்த்தான்? தாளை மடித்து வைக்கச் சொன்னேன். அவரவருக்கு என்ன ஞாபகம் வருகிறதோ அதைச் சொல்லுவோம் என்று முடிவானது. பிறகு நடந்த நல்ல விஷயமெல்லாம் அதனால்தான் என்று நான் இன்னமும் சொல்கிறேன், தம்பி ஒப்புக்கொள்ள மாட்டான்.

இன்னொரு சண்டை ஐஸ் பற்றி. நம் ஆட்களுக்கு நல்ல பீர் என்றால் இரண்டே தகுதி, பல் கூச வேண்டும், சீக்கிரம் ஏற வேண்டும். அவ்வளவு குளிரில் நாக்கு மரத்துப்போகும், வாசம் மேலேயே எழும்பாது. சந்தேகம் இருந்தால் வத்தக்குழம்பை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே நக்கிப் பாருங்கள், எந்த வீட்டுக் குழம்பு என்று சொல்லவே முடியாது. வெளிர் பீரை ஆறேழு டிகிரியில் குடிக்கலாம், கறுப்பையும் புகைபோட்டதையும் பத்துப் பன்னிரண்டு வரைக்கும் விடலாம். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து தென்னை நிழலில் கொஞ்ச நேரம் வைத்தாலே போதும், நம் வெயில் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

டம்ளர்கள் முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான் கடையில் வாங்கியவை. எவர்சில்வர் வேண்டாம் என்றேன், நிறமும் நுரையும் தெரிய வேண்டுமே. டிகிரி காபிக்கு நுரை இல்லையென்றால் சண்டைக்குப் போகிற நாம் பீரை மட்டும் டம்ளரைச் சாய்த்து நுரையே வராமல் ஊற்றுவதைத் திறமை என்று நினைக்கிறோம். வாசம் பாதி அந்த நுரையில்தான் இருக்கிறது.

சரி, பீருக்கு வருகிறேன். எது எது என்று தெரியாதபடி தோப்புக்காரர் ஊற்றிக் கொடுத்தார்.

முதலில் செக் நாட்டு பில்ஸ்னர் உர்குவெல். 1842-ல் பில்சன் ஊரில் யோசஃப் க்ரோல் என்ற பவேரியாக்காரர் காய்ச்சிய அந்தப் பொன்னிற பீரின் வாரிசுகள்தான் இன்று உலகத்தில் விற்கும் வெளிர் லாகர்கள், நம் ஊர்க் கடையில் இருப்பது உட்பட. ஆல்கஹால் 4.4 சதவீதம்தான். முதலில் ரொட்டி வாசம், பின்னாடி நின்று பேசும் ஒரு கசப்பு. அடுத்தது 1932-ல் சிங்கப்பூரில் பிறந்த டைகர். இருபது வருஷமாக அதைத் தவிர வேறு தொடாத அத்தான் ஒரு வாய் குடித்துவிட்டு "இது நம்ம ஊரு பீரு, சத்தியமா" என்று அடித்துச் சொன்னார். தோப்புக்காரர் கேனைக் காட்டியதும் கொஞ்ச நேரம் யாரோடும் பேசவில்லை. லேபிள் இல்லாமல் குடித்தால் முதலில் அடிபடுவது நம் கௌரவம்தான்.

பவேரியா கோதுமை பீரை மோந்ததும் எல்லோரும் ஒரே குரலில் "பூவம்பழம்". கூடவே கிராம்பு. அதில் பழமும் இல்லை, கிராம்பும் இல்லை, இரண்டும் அந்த ஈஸ்ட் தானாகச் செய்கிற வேலை. மாவு புளித்தால் தோசைக்கு வாசம் வருவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது, ஆனாலும் ஆச்சரியமாகத்தான் இருந்தது.

அப்புறம் கோஸ. ஜெர்மனியில் கோஸ்லார், லைப்ஸிக் பக்கத்துச் சரக்கு. புளிப்பு, உப்பு, கொத்தமல்லி விதை. சாமி குத்தம் ஆகாமல் இருக்கட்டும், எனக்குக் குன்றக்குடி பங்குனி உத்திரத்துக்கு நடந்து போகிறவர்களுக்கு ஊற்றும் நீர்மோர்தான் ஞாபகம் வந்தது. பார்லி, கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூ, தண்ணீர் தவிர எதுவும் பீரில் போடக் கூடாது என்று 1516-ல் சட்டம் போட்ட பவேரியாவும் அதே நாட்டில்தான் இருக்கிறது.

பாம்பெர்க் புகை பீர்தான் அன்றைக்குப் பந்தியை மாற்றியது. பீச் (beech, பழம் தரும் பீச் இல்லை) மரப் புகையில் உலர்த்திய மால்ட்டில், அதாவது முளைகட்டிய பார்லியில், காய்ச்சுகிறார்கள். "கருவாடு சுடுறாங்களா?" என்று சித்தப்பா நிஜமாகவே திரும்பிப் பார்த்தார். தனியாகக் குடித்தால் முதல் வாய் யாருக்கும் பிடிக்காது. ஆனால் உப்புக்கறியை ஒரு துண்டு வாயில் போட்டு மேலே அதை ஒரு மடக்கு குடித்தால், வறண்ட மிளகாயும் சின்ன வெங்காயமும் புகையும் ஒன்றோடு ஒன்று ஏதோ பழைய பங்காளிகள் மாதிரி சேர்ந்துகொள்கின்றன. அதே உப்புக்கறியோடு ஐபிஏ, அதாவது இந்தியா பேல் ஏல், குடித்தது தப்பு. பேரில் இந்தியா இருக்கிறதே என்று நம்பினோம். ஹாப்ஸ் கசப்பு மிளகாய்க் காரத்தை இரண்டு மடங்காக்கி எரியவிட்டது. தேன்குழலோடு குடித்தால் பரவாயில்லை.

இப்போது பெல்ஜியம். எங்கள் வீட்டுப் பட்டாலைக் கூடத்தில் தொங்குகிற ஆளுயரக் கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து வந்தது, அந்த நாட்டு பீர் இந்த ஊருக்கு வர நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. கூஸ் என்று பெயர். பிரஸ்ஸல்ஸ் பக்கத்தில் ஈஸ்ட் எதுவும் போடாமல் திறந்த தொட்டியில் ஆறவிடுவார்கள், காற்றில் இருப்பது வந்து விழுந்து அதுவாகப் புளிக்கும், பிறகு மரப்பீப்பாயில் வருஷக்கணக்கில் கிடக்கும், கடைசியில் இளசையும் பழசையும் கலந்து பாட்டிலில் அடைப்பார்கள். தம்பி ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தான். அத்தான் "கெட்டுப் போச்சு மாப்ளே, காசு போச்சு" என்றார். அவர்தான் காசு கொடுத்தவர். சித்தப்பா மட்டும் டம்ளரை மூக்குப் பக்கத்தில் வைத்தபடியே இருந்தார். அப்புறம் மெதுவாக, "இது கள்ளுடா" என்றார்.

பனையில் கட்டிய சுண்ணாம்பு தடவாத கலயத்தில் நடப்பதும் அதே காற்றுவழி வேலைதான். 1987-லிருந்து நம் மாநிலத்தில் கள் இறக்கத் தடை, என்னைவிட இளையவர்கள் பலருக்கு அந்த வாசமே தெரியாது. சங்கப் பாட்டில் நெல்லில் செய்த கள்ளுக்குத் தோப்பி என்று தனிப் பெயரே இருக்கிறது, நமக்கு இப்போது மிஞ்சியது 'ஸ்ட்ராங்' என்ற ஒரே சொல். பாக்கி பேருக்கு மார்க் தாளில் கட்டமே கிடைக்காத அந்த பீருக்கு சித்தப்பா ஒரே சொல்லில் ஊரும் பேரும் வைத்துவிட்டார். கடைசியாகக் கள் குடித்தது எப்போது என்று கேட்டேன், கண்மாய்க் கரை, பெயர் தெரியாத ஒரு பனை என்று ஏதோ சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். வேறு எதற்கும் அவர் வாயைத் திறக்கவில்லை.

கறுப்புகள் இரண்டு. கின்னஸைப் பார்த்ததும் "ஐயோ, இது தூக்கிடும்" என்றார்கள். 4.2 சதவீதம்தான், நம் ஊர் ஸ்ட்ராங் எட்டு வரைக்கும் போகும். நிறத்துக்கும் போதைக்கும் சம்பந்தமில்லை, அது பார்லியை வறுத்த நிறம். பட்டு மாதிரி நுரை நைட்ரஜனால் வருவது. இலங்கை லயன் ஸ்டவுட் வேறு கதை, 8.8, கருப்பட்டி காபி வாசம், கவுனி அரிசியோடு சேர்த்துச் சாப்பிட்டால் அதுவே ஒரு விருந்து. எனக்கு அன்றைக்கு முதல் இடம் புகை பீருக்கும் இதற்கும் சரிபாதி.

உள்ளூர் ஸ்ட்ராங்கை ஊற்றும்போதே எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள். இனிப்பு, ஸ்பிரிட் நெடி, அதற்கு மேல் ஒரு நாற்றம். இதில் காய்ச்சியவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்துக் கடை ஒன்றில், எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை, பெட்டிகளை வாசல் வெயிலில் அடுக்கி வைக்கிறார்கள். ஹாப்ஸில் வெளிச்சம் பட்டால் அந்த நாற்றம் வரும், பழுப்புப் பாட்டில் கொஞ்சம் தடுக்கும், பச்சையும் வெள்ளையும் தடுக்காது. கேட்டால் "ஐஸ்ல போட்டா ஒண்ணும் தெரியாது அண்ணே" என்கிறார் கடைக்காரர். அது சரிதான், அதற்குத்தான் ஐஸ்.

மறுநாள் காலை பணியாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சித்தப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அப்பத்தா காதில் விழாதபடி, "அந்தப் புளிச்சது கொஞ்சம் மிச்சம் இருந்துச்சேப்பா" என்றார். அதைத் தம்பி அன்றைக்கே தென்னை மூட்டில் ஊற்றிவிட்டான். நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.