டைனமோவுக்குக் குரோமியம் வேண்டாம்

பழைய கார்களைப் புதுப்பிக்கிற நண்பர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, இதைச் சொல்லியே ஆகவேண்டும். பானட்டைத் திறந்ததும் மின்சாரம் தயாரிக்கிற டைனமோ, இன்ஜினைக் கிளப்புகிற ஸ்டார்ட்டர் மோட்டார், ஹார்ன் எல்லாம் குரோமியம் பூசி முகம் பார்க்கிற அளவுக்கு மின்னினால் எனக்கு மனசு கஷ்டமாகிவிடுகிறது. அவற்றைச் செய்தவர்கள் அப்படிச் செய்யவில்லை. இரும்பு உடம்புக்குப் பெரும்பாலும் கறுப்புப் பெயிண்ட். அலுமினிய மூடி, வார்த்தெடுத்த சாம்பல் நிறத்திலேயே இருக்கும். திருகு, வாஷர், கிளிப் போன்ற சில்லறைச் சாமான்களுக்குக் காட்மியம் அல்லது துத்தநாக முலாம்.

காட்மியம் எப்படி இருக்கும் என்று பலருக்கு மறந்தே போய்விட்டது. லேசாக வெண்மை கலந்த, அமைதியான வெள்ளி நிறம். அதன் மேல் குரோமேட் என்ற ரசாயனப் பூச்சு ஏற்றினால் பொன்னிறம் தட்டும். இன்று நமக்குக் கிடைக்கிற பளிச்சென்ற துத்தநாக முலாமில் ஒரு நீலச் சாயல் இருக்கிறது; பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உடனே தெரியும். காட்மியம் நஞ்சு என்பதால் அதைத் திரும்பப் பூசச் சொல்லவே மாட்டேன். பழைய பூச்சை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், சூடும் காட்டாதீர்கள். அந்தத் தூளும் புகையும் நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. துத்தநாகத்தையே பளபளப்பு ஏற்றாமல் மங்கலாகப் பூசித் தரச் சொன்னால் கிட்டத்தட்ட அந்த நிறம் வந்துவிடும். எனக்கு அது போதும்.

அழகு மட்டும்தான் பிரச்சினை என்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி, அதன் உடம்பு வழியாகத்தான் போகிறது. இன்ஜினோடு பொருந்துகிற முகத்திலும் போல்ட் உட்காருகிற இடத்திலும் பவுடர் கோட்டிங் (தூளாகத் தூவிச் சூட்டில் உருக்கி ஒட்டவைக்கிற பெயிண்ட்) அடித்துவிட்டால், அது மின்சாரத்தைத் தடுக்கிற நல்ல இன்சுலேஷன். 200 ஆம்பியர் இழுக்கிற நேரத்தில் அந்த இணைப்பில் 0.01 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் போய்விடும். 6 வோல்ட் காரில் அது மூன்றில் ஒரு பங்கு! அப்புறம் பேட்டரியைக் குறை சொல்லி என்ன பயன்?

ஒரு முறை ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்து கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைப் பிடிக்கும் இரண்டு ஸ்பிரிங் கிளிப்புகளை முலாமுக்குக் கொடுத்தேன். வந்தபோது புத்தம் புதுசு. மாட்டிச் சில வாரம்தான் ஆகியிருக்கும், ஒன்று வளைவில் பட்டென்று முறிந்தது. உடைந்த இடத்தில் துருவே இல்லை, சுத்தமான சாம்பல் நிறம். அமிலத்தில் கழுவும்போதும் முலாம் ஏறும்போதும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கக்கூடியதாக ஆக்கிவிடுகிறது. முலாம் ஏறிய சில மணி நேரத்துக்குள் சுமார் 190 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சூடாக்கி அதை வெளியேற்ற வேண்டும். எனக்கு அதைச் செய்துதரவில்லை, நானும் கேட்கவில்லை. ஸ்பிரிங் எஃகை முலாமுக்குக் கொடுப்பவர்கள் முதலில் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

பளபளப்பு ஏற்றச் சுழன்று தேய்க்கிற பஃபிங் சக்கரத்தைப் பார்த்தால் எனக்குப் பயமே வருகிறது. லூகாஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் பழைய மின் பாகங்களில் மாடல் எண்ணும் தயாரித்த தேதியும் உடம்பிலேயே குத்தியிருக்கும். இரண்டு நிமிடம் அழுத்தித் தேய்த்தால் எண்ணின் ஓரம் மழுங்கும், இன்னும் கொஞ்சம் தேய்த்தால் அந்த இடமே வழவழ. அது திரும்ப வராது. ஹெட்லைட் ரிஃப்ளெக்டரும் அப்படித்தான். பழைய விளக்குகள் பலவற்றில் பித்தளைமேல் மெல்லிய வெள்ளி முலாம் இருக்கும். பாலிஷ் போட்டுப் போட்டுத் தேய்த்தால் கடைசியில் மஞ்சளாகப் பித்தளை எட்டிப்பார்க்கும்.

அசல் பூச்சு எது என்று தெரியவில்லையா? புத்தகத்துக்குப் போகுமுன் இக்னிஷன் காயிலைப் பிடித்திருக்கும் பட்டையைக் கழற்றிப் பாருங்கள். தகட்டின் அடி, வாஷருக்குக் கீழே, மூடியின் உட்புறம் என்று வெயிலும் எண்ணெயும் படாத இடங்கள் நிறைய உண்டு. நேற்று டைனமோவின் வோல்டேஜைக் கட்டுப்படுத்துகிற ஒரு ரெகுலேட்டரைக் கழற்றியபோது திருகின் தலைக்கு அடியில் ஒரு வளையம் மட்டும் பொன்னிறமாக, போட்ட அன்று இருந்த மாதிரியே இருந்தது. எதையும் கழுவாமல் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். முலாமுக்குக் கொடுக்கும்போது அந்தத் திருகையும் மாதிரிக்காகக் கூடவே எடுத்துப் போகிறேன்.