வட சென்னையின் படங்கள் வட சென்னைக்கு வர வேண்டும்

சென்னையில் நடக்கும் ஓவிய, ஒளிப்படக் கண்காட்சிகளைத் தொடர்ந்து பார்த்துவரும் தண்டையார்பேட்டைக்காரன் என்ற முறையில், நெடுநாளாக மனத்தில் உள்ள ஒரு கோரிக்கையை இங்கே எழுதுகிறேன். இந்நகரின் கலைஞர்களுக்கு எங்கள் பகுதி தீராத கருப்பொருளாக இருந்துவருகிறது. காசிமேட்டு விசைப்படகுகள், சாம்பல் கலந்த எண்ணூர்க் கழிமுகம், வியாசர்பாடிப் பிள்ளைகளின் கால்பந்தாட்டம், துறைமுகத்தை நோக்கி ஊர்ந்து செல்லும் கண்டெய்னர் லாரிகளின் வரிசை ஆகிய அனைத்தையும் சட்டமிட்ட படங்களாகச் சுவரில் கண்டிருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவற்றைப் பார்க்க நான் பாரிமுனையைத் தாண்டித் தெற்கே போக வேண்டியிருந்தது.

லலித் கலா அகாதமி கிரீம்ஸ் சாலையில் இருக்கிறது. கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966இல் உருவான சோழமண்டல ஓவியர் கிராமம் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது. தனியார் காட்சிக்கூடங்களைத் தேடினால் நுங்கம்பாக்கம், ஆழ்வார்ப்பேட்டை என்று போக வேண்டும். எங்களுக்கு ஓரளவு அருகில் உள்ளவை எழும்பூர் அருங்காட்சியகமும் 1850இல் தொடங்கப்பட்ட அரசு கவின் கலைக் கல்லூரியும்தான். அதற்கு வடக்கே, திருவொற்றியூர் வரையிலும் எண்ணூர் வரையிலும், ஆண்டு முழுவதும் படங்கள் தொங்கும் ஒரு கூடத்தை நான் பார்த்ததில்லை.

தொலைவு மட்டுமே தடை என்று சொல்லமாட்டேன். 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்ட பிறகு பயணம் எளிதாகிவிட்டது. ஆனால் பல கூடங்கள் வேலைக்குப் போகிறவர் வீடு திரும்பும் நேரத்தில் மூடப்படுகின்றன. படங்களின் அருகே ஒட்டப்படும் குறிப்புகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கின்றன. பொருள்களையே ஓரிடத்தில் அடுக்கிப் படைப்பாக்கும் நிறுவல் கலையில் இந்தக் குறை இன்னும் பெரிதாகத் தெரியும், ஏனென்றால் தரையில் குவித்த உடைந்த கட்டுமரத் துண்டுகளும் துருப்பிடித்த தகரமும் எதற்காக அங்கே வைக்கப்பட்டிருக்கின்றன என்பதை அந்தக் குறிப்பைப் படித்தால் மட்டுமே முழுமையாக அறிய முடியும்.

காசிமேட்டில் வலை பின்னும் என் நண்பர் ஒருவரைக் கடற்கரை வாழ்க்கை பற்றிய ஓர் ஒளிப்படக் கண்காட்சிக்கு அழைத்துச் சென்றேன். வாயிலில் இருந்த காவலர் என்னை விட்டுவிட்டு அவரிடம் மட்டும் யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என்னை உறுத்துகிறது. உள்ளே சென்றதும் நண்பர் ஒரு படத்தின் முன் வெகுநேரம் நின்றார். கரையில் குவிந்திருந்த வலைகளைப் பார்த்து, கண்ணியின் அளவைக் கொண்டே இது நண்டு வலை, அது கவலை மீன் வலை என்று பிரித்துக் காட்டினார். ஓரிடத்தில் அறுந்து, அவசரத்தில் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள் என்பதையும் கண்டு சொன்னார். அருகில் இருந்த சிலர் வந்து நின்று கேட்கத் தொடங்கினார்கள். அந்த அரங்கில் அந்தப் படத்தை அவரளவுக்கு முழுமையாகப் பார்த்தவர் வேறு யாரும் இருந்திருக்க முடியாது என்று உறுதியாக நம்புகிறேன். இத்தகைய பார்வையாளர்களைத்தான் நம் கண்காட்சிகள் இழந்துகொண்டிருக்கின்றன.

ஒளிப்படக் கலைஞர் பழனிக்குமாரிடம் பயிற்சி பெற்ற வியாசர்பாடிப் பிள்ளைகள் தங்கள் தெருக்களைத் தாங்களே படமெடுத்து எழும்பூர் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தது எனக்குப் பெரும் நம்பிக்கையைத் தந்த முயற்சியாகும். வெளியிலிருந்து வரும் கேமரா எங்கள் பகுதியில் முதலில் தேடுவது வறுமையை அல்லது வன்முறையை. உள்ளிருப்பவரின் கேமராவுக்கு அண்டை வீட்டுத் திண்ணையும் அம்மாவின் வேலையும் தெரிகின்றன.

சுவரோவியங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மறுகுடியமர்வுப் பகுதியான கண்ணகி நகரில் 2020இல் அடுக்குமாடிச் சுவர்கள் முழுவதும் ஓவியங்கள் தீட்டப்பட்டு அது கலை மாவட்டம் என்று பெயர் பெற்றது. ஒழுகும் கூரைக்கு மேல் வண்ணம் பூசுகிறார்கள் என்று அப்போது என் நண்பர்கள் சிலர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் நியாயமானது, ஆயினும் நான் முழுமையாக உடன்படவில்லை, ஏனெனில் குடிநீரும் கூரையும் கிடைக்கும் வரை ஏழைகளுக்கு ஓவியம் வேண்டாம் என்ற முடிவையும் அவர்களுக்காக வேறு யாரோதான் எடுக்கிறார்கள். என் சுவரில் எதை வரைவது என்று என்னைக் கேட்டார்களா என்பதே அங்கு வாழ்பவர் எழுப்ப வேண்டிய கேள்வி. இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தின் வெளிச்சுவரில் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்பவர்களின் முகங்கள் மற்றவர்களின் முகங்களோடு கலந்து, யார் எவர் என்று பிரிக்க முடியாதபடி வரையப்பட்டிருக்கின்றன. நாள்தோறும் அந்த வழியாகப் போகிறவர்களின் நடுவே இருப்பதாலேயே அந்த ஓவியம் தன் வேலையைச் செய்கிறது.

எங்கள் பகுதிச் சுவர்களிலும் ஓவியர்கள் நெடுங்காலமாக வரைந்துவருகிறார்கள். தெருமுனையில் அம்பேத்கர், குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடத்தில் முகமது அலி, மைதானத்தை ஒட்டி மரடோனா என்று கையால் வரையப்பட்ட உருவங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஃபிளக்ஸ் வந்த பிறகு பேனர் ஓவியர்கள் பலர் தொழிலை விட்டார்கள். 2009இல் சுவரொட்டிகளைத் தடுப்பதற்காகச் சென்னை மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் படங்கள் வரையச் செய்தபோது அவர்களில் சிலருக்கு மீண்டும் வேலை கிடைத்தது. இனி வட சென்னையில் எந்தச் சுவரோவியத் திட்டம் வந்தாலும் அவர்களை உதவியாளர்களாக நிறுத்தாமல், ஓவியர்களாகவே அழைத்து உரிய ஊதியம் தர வேண்டும். உப்புக்காற்று எந்த வண்ணத்தையும் விரைவில் உரித்துவிடும் என்பதால், திரும்ப வரைவதற்கும் தொடக்கத்திலேயே பணம் ஒதுக்க வேண்டும்.

இடமில்லை என்ற பதிலை என்னால் ஏற்க முடியாது. 1856இல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையத்தின் பழைய கட்டடம் இன்றும் தன் தூண்களோடு நிற்கிறது. 2019இல் சென்னை ஒளிப்பட பியன்னாலே என்ற ஈராண்டுக் கண்காட்சி விழாவுக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தில் படங்களை வைத்தபோது, வரலாற்றுக் கட்டடத்தில் கண்காட்சி நடத்தலாம் என்பது தெளிவாகவே தெரிந்தது. திருவொற்றியூர் தேரடி மெட்ரோ நிலையமும் மாநகராட்சிப் பள்ளிகளின் அரங்குகளும் இருக்கின்றன. சிற்பி ராய் சௌத்ரியின் பெயரை அறியாதவர்களும் உழைப்பாளர் சிலையை அறிவார்கள், ஏனென்றால் 1959 முதல் அது வெட்டவெளியில் நிற்கிறது.

கண்காட்சி நடத்துபவர்களுக்கு ஒரு காலத்தையும் பரிந்துரைக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் காசிமேட்டில் கட்டப்பட்டிருக்கும். பகலில் படகுகளையும் வலைகளையும் பழுதுபார்ப்பவர்களுக்கு மாலையில் நேரம் உண்டு. எண்ணூரையும் காசிமேட்டையும் எடுத்த படங்களை அந்த வாரங்களில் துறைமுகத்துக்கு அருகிலுள்ள ஏதேனும் ஒரு பள்ளியில், தமிழ்க் குறிப்புகளுடன், கட்டணமின்றி, இரவு ஒன்பது மணி வரை திறந்து வையுங்கள். படத்தில் இருப்பவர்களுக்கு முதல் நாள் அழைப்பு அனுப்புங்கள். கிரீம்ஸ் சாலைக்கு அதன்பின் கொண்டுபோகலாம்.