அந்த வெள்ளைக் கோடுகளையும் சொல்லியிருக்கலாம்
2012-இல் ஏவப்பட்ட வான் ஆலன் இரட்டை விண்கலங்கள் பதிவு செய்த கோரஸ் அலைகளைப் பற்றிய உங்கள் கட்டுரை அருமை. விண்வெளியில் எழும் இந்த மின்காந்த அலைகளை ஒலியாக மாற்றினால் பறவைக் கீச்சொலி போலக் கேட்கும் என்கிறீர்கள். ஆனால் ஸ்பெக்ட்ரோகிராமின் (எந்த நேரத்தில் எந்த அதிர்வெண்ணில் அலை எவ்வளவு வலுவாக இருந்தது என்று நிறங்களால் காட்டும் படம்) நிறங்களை விளக்கிய கட்டுரையாளர், அதன் மேல் வளைந்து ஓடும் வெள்ளைக் கோடுகளை விட்டுவிட்டார். படத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது.

எலெக்ட்ரான் காந்தப்புலத்தைச் சுற்றும் அதிர்வெண் ஒரு கோடு, அதில் பாதி இன்னொரு கோடு. கலம் பூமியை நெருங்க நெருங்கக் காந்தப்புலம் வலுக்கும், கோடுகளும் மேலே ஏறும். இந்தப் பாதிக் கோட்டுக்குக் கீழே அலைகளின் ஒரு பட்டை, மேலே ஒரு பட்டை, நடுவில் மெல்லிய வெற்றிடம். இதுதான் கோரஸின் கையெழுத்து. அந்த வெற்றிடம் ஏன் வருகிறது என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள்.

இன்னொன்று. கலம் பூமியை ஒருமுறை சுற்றும் ஏறக்குறைய 9 மணி நேரத்தை ஒரே படத்தில் அடைத்தால், நீங்கள் சொல்லும் பறவைக் கீச்சொலி அதில் தெரியவே தெரியாது. ஒவ்வொரு கீச்சும் பெரும்பாலும் ஒரு நொடிக்கும் குறைவு. சில நொடிகளை மட்டும் விரித்த படத்தில்தான் மேல்நோக்கி ஏறும் கீற்றுகள் தனித்தனியாக நிற்கும். அப்படி ஒரு படத்தையும் பக்கத்திலேயே போடுங்கள். ஒலிப்பதிவைக் கேட்கும்போது எதைக் கேட்கிறோம் என்று கண்ணிலும் பார்க்கலாம்.