நான்கு சென்டிமீட்டருக்குக் கைதட்டுவதற்கு முன்

கோலாலம்பூரில் பிபிஆர் எனப்படும் அரசாங்க மலிவுவிலை அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் மண்டபத்தில் அண்மையில் ஓர் ஊட்டச்சத்துத் திட்டத்தின் நிறைவு விழா. மாலை, பொன்னாடை, நன்றியுரை எல்லாம் உண்டு. ஆறு மாதம் உணவுக் கூடை பெற்ற இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகள் சராசரியாக 4 செ.மீ. வளர்ந்திருக்கிறார்கள் என்று அறிவித்ததும் மண்டபம் அதிர்ந்தது. எனக்குக் கை எழவில்லை. அந்த வயதுப் பிள்ளை, கூடை வந்தாலும் வராவிட்டாலும், ஆறு மாதத்தில் அவ்வளவு வளரத்தான் செய்யும். பக்கத்திலிருந்த அண்ணனிடம் இதைச் சொன்னேன். "நல்லது செய்கிறவர்களைக் குறை சொல்லாதீர்கள், தங்கச்சி" என்றார்.

குறை சொல்லாமல் எப்படி? 2018-இல் யுனிசெஃப் வெளியிட்ட ஆய்வு, தலைநகரின் மலிவுவிலை அடுக்குமாடிகளில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்றது. நாடளவிலும் நிலைமை தேறவில்லை. சுகாதார அமைச்சின் தேசியக் கணக்கெடுப்பில் 2006-இல் 17.2 விழுக்காடாக இருந்தது, 2019-இல் 21.8. கூடை கொடுப்பதிலோ நமக்குக் குறைவே இல்லை. ஊட்டச்சத்துக் குறைந்த பிள்ளைகளுக்கான அரசாங்க உணவுக் கூடைத் திட்டமே 1989 முதல் நடக்கிறது. இத்தனைக்குப் பிறகும் எண்ணிக்கை இறங்கவில்லையென்றால், எதை அளந்து "வெற்றி" என்கிறோம் என்று கேட்டுத்தானே ஆகவேண்டும்?

உலகச் சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி, மூன்று வயது நிறைந்த ஆண் குழந்தை 88.7 செ.மீ.க்குக் கீழே இருந்தால் வளர்ச்சி குன்றியவன். எனவே எத்தனை சென்டிமீட்டர் கூடியது என்பது கேள்வியே இல்லை. தன் வயதுக்குரிய கோட்டிலிருந்து பிள்ளை எவ்வளவு தள்ளியிருந்தான், இப்போது எவ்வளவு நெருங்கியிருக்கிறான் என்பதைத்தான் பார்க்கவேண்டும். அளப்பதையாவது ஒழுங்காக அளக்கிறோமா? இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பலகையில் படுக்கவைத்து, ஒருவர் தலையையும் இன்னொருவர் காலையும் பிடித்து அளக்கவேண்டும். அதே குழந்தையை நிறுத்தி அளந்தால் 0.7 செ.மீ. குறையும். சுவரில் ஒட்டிய தாளில், கொண்டையோடும் செருப்போடும் சிறுமிகளை நிறுத்தி அளந்ததை நான் பார்த்திருக்கிறேன். கொண்டையும் ஊட்டச்சத்தில்தான் வளர்ந்தது போலும்.

அதைவிட முக்கியம் வயது. கருவில் தொடங்கி இரண்டாவது பிறந்தநாள் வரையிலான 1,000 நாட்களில்தான் பெரும்பாலான சேதம் நடந்துவிடுகிறது. நாம் சேர்ப்பதோ அதைத் தாண்டி, குழந்தைக் காப்பகத்துக்குப் போகும் பிள்ளைகளை. காரணம் எளிது: அவர்கள் ஒரே இடத்தில் இருக்கிறார்கள், படம் எடுக்கவும் வசதி. எட்டு மாதக் குழந்தை பதினைந்தாவது மாடியில் பாட்டியிடம் இருக்கிறது, அம்மா தொழிற்சாலையில் ஷிப்ட் வேலையில். அங்கே ஏறிப்போக ஆள் இல்லை. 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை ஏறாதவர்களைத் தேடிச் சத்துணவு கொடுத்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் கிராமத்தில் முடிந்தது, மின்தூக்கி உள்ள கட்டடத்தில் ஏன் முடியாது? (மின்தூக்கி வேலை செய்கிற நாளில் என்று வைத்துக்கொள்வோம்.)

இன்னொன்று, ஒப்பீடு. மிகவும் மெலிந்திருக்கும் நேரத்தில் சேர்த்த பிள்ளை, நாம் ஒன்றுமே செய்யாவிட்டாலும் அடுத்த முறை கொஞ்சம் தேறியிருக்கக்கூடும். பக்கத்து பிளாக்கிலும் அளந்தால்தான் கூடையின் பங்கு தெரியும். அங்கே ஆறு மாதம் கழித்துத் திட்டத்தைத் தொடங்கினால் யாரையும் ஏமாற்றியதாகாது. குவாத்தமாலாவில் 1969 முதல் 1977 வரை இரண்டு கிராமங்களுக்குப் புரதச் சத்துக் கஞ்சியும் வேறு இரண்டுக்குப் புரதமில்லாத இனிப்புப் பானமும் கொடுத்தார்கள். இரண்டு வயதுக்குள் கஞ்சி குடித்த ஆண்கள், வளர்ந்தபின் மணிக்கு 46 விழுக்காடு அதிகம் சம்பாதித்தார்கள் என்று பின்னாளில் தெரிந்தது. ஒப்பிட வேறு கிராமங்கள் இருந்ததால்தான் அதைச் சொல்ல முடிந்தது.

ஆறு மாதத் திட்டத்திடம் உயரத்தை எதிர்பார்ப்பதே அநியாயம் என்பேன். கூடையிலிருந்த முட்டையை அந்தக் குழந்தை தின்றதா, வீட்டில் ஆறு பேர் பங்கிட்டுக்கொண்டார்களா? பங்கிட்டிருந்தால் அந்தத் தாயைக் குற்றம் சொல்ல மாட்டேன், கூடையைப் பெரிதாக்கச் சொல்வேன். இரத்தச்சோகை குறைந்ததா? கஞ்சித் தண்ணீரும் பிஸ்கட்டும் போய், பருப்பும் மீனும் கீரையும் குழந்தையின் தட்டுக்கு வந்தனவா? இவற்றை ஆறு மாதத்தில் அளக்கலாம்.

அடுத்த கட்டத்துக்கு நன்கொடை கேட்டு வரப்போகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். கொடுப்பேன். அந்தக் குடியிருப்பின் கர்ப்பிணிகள், கைக்குழந்தைகளின் பட்டியலைக் கையோடு கொண்டுவரட்டும்.