ஊசியைத் தூக்கியவருக்கும் உடன் சிரித்தவர்களுக்கும்

சனிக்கிழமை பின்னேரம் கொக்குவிலில் நடந்ததைப் பற்றி ஆளாளுக்கு எழுதி முடித்துவிட்டீர்கள். என் பெயரைப் போடாமல் என்னைப் பற்றியே எழுதிய பெருந்தன்மைக்காரர்களும் உண்டு. அங்கே இருந்தவர்களுக்கு விடயம் தெரியும். இல்லாதவர்களுக்கு, இருந்தவர்கள் கைகால் முளைக்க வைத்துச் சொல்லியிருப்பார்கள். ஆகவே முழுக்கதையையும் நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. சுருக்கம் இதுதான்: ஒரு வீட்டில் கூடி இசைத்தட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது, எனக்குப் பிடித்த இசைத்தட்டு தொடங்கிச் சில நிமிடங்களிலேயே ஒரு நண்பர் ரெக்கோட் பிளேயரின் ஊசியைத் தூக்கிவிட்டார், சபை சிரித்தது, நான் சாப்பாட்டில் இருந்து எழும்பிப் போனேன். அன்று சொல்லவிடாததை மட்டும் சொல்கிறேன்: பிங்க் ஃப்ளொய்ட் என்ற இங்கிலாந்து ரொக் இசைக்குழு 1975 இல் வெளியிட்ட ‘விஷ் யூ வேர் ஹியர்’, 1973 இல் வெளியிட்ட ‘த டார்க் சைட் ஒஃப் த மூன்’ அல்பத்தை விடச் சிறந்தது. யார் சிரித்தாலும் சிறந்ததுதான்.

கனடாவில் இருந்து வந்த நண்பர் அன்று கையில் வைத்திருந்த பெரிய ஆயுதம் 741. அமெரிக்காவில் அதிகம் விற்கும் அல்பங்களின் பில்போர்ட் பட்டியலில் 1973க்கும் 1988க்கும் இடையில் ‘டார்க் சைட்’ 741 வாரங்கள் இருந்ததாம். இருந்ததாம் என்ன, இருந்தது. எனக்கும் தெரியும். கூட்டிப் பார்த்தால் 14 வருடத்துக்கு மேல் வருகிறது. நல்லது. அதிகம் விற்றது எது என்று யாராவது கேட்டிருந்தால் நானே முந்திக்கொண்டு அதைச் சொல்லியிருப்பேன். கேட்ட கேள்வி அது இல்லையே. அதோடு, யாழ்ப்பாணத்து ரெக்கோடிங் பார்களில் வெற்றுக் கசெற்றைக் கொடுத்துப் பாட்டுப் பதிந்து வாங்கிக்கொண்டு போனவர்களில் ஒருவர்கூட அந்தக் கணக்கில் இல்லை. எங்களை எண்ணாத பட்டியலை எங்கள் முன்னாலேயே விரித்து ‘பார், உலகமே சொல்கிறது’ என்றால், அந்த உலகத்தில் எங்களை எப்போது சேர்த்தீர்கள் என்று கேட்கத் தோன்றாதா?

‘டார்க் சைட்’ கூடாது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. இதைப் பெரிய எழுத்தில் வாசித்துக்கொள்ளுங்கள். பாடகி கிளேர் டோரி ஒரு சொல்லும் இல்லாமல் குரலை மட்டும் வைத்துப் பாடுகிற இடத்தில் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. அதற்காக அவருக்கு அன்று கொடுத்தது 30 இங்கிலாந்துப் பவுண் காசு. பாட்டை ஆக்கியவர்களில் தானும் ஒருவர் என்று பிறகு வழக்குப் போட்டு, 2005 இல்தான் அவர் பெயரும் சேர்ந்தது. (இதையும் சனிக்கிழமை சொல்ல இருந்தேன். கொத்துரொட்டி வந்துவிட்டது.) ஒலிப்பதிவாளர் அலன் பார்சன்ஸ் பதிந்துவைத்த கடிகாரங்கள் எல்லாம் ஒரேயடியாக அடிக்கும் இடமும் அப்படித்தான். ஆனால் நேரத்துக்கு ஒரு பாட்டு, பணத்துக்கு ஒரு பாட்டு, சாவுக்கு ஒன்று, பைத்தியத்துக்கு ஒன்று என்று ஏ.எல். ரியூட்டரிக் குறிப்பைப் போல எல்லாம் பிரித்துக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஒன்றும் விடுபடவில்லை. விடுபடாததுதான் எனக்குக் குறை. கேட்கிறவனுக்கு அங்கே செய்ய வேலை எதுவும் இல்லை.

‘விஷ் யூ வேர் ஹியர்’ அப்படியல்ல. மொத்தம் ஐந்தே தடங்கள். ‘ஷைன் ஒன் யூ க்ரேஸி டயமண்ட்’ என்ற ஒன்பது பகுதிப் பாட்டை இரண்டாக வெட்டி, ஒன்றை முதலிலும் மற்றதைக் கடைசியிலும் வைத்திருக்கிறார்கள். தொடக்கத்தில் குழுவின் ரிச்சர்ட் ரைட்டின் கீபோர்ட் மெல்ல எழும்பி, எங்கேயும் போகாமல் நிற்கிறது. நான்காவது நிமிடம் முடியப்போகும் நேரத்தில் டேவிட் கில்மரின் கிற்றாரில் நான்கு சுரம் விழுகிறது. அவ்வளவுதான். அந்த ஒலி அடங்கும் வரை பொறுத்து, மறுபடியும் அதே நான்கு. பாடும் குரல் வருவதற்கு எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. அந்த நான்கு சுரத்தின் அருமை தெரியவேண்டுமானால் அதற்கு முன்னால் உள்ள நேரம் முழுவதும் இருந்து கேட்டிருக்க வேண்டும். குறுக்கு வழி கிடையாது.

நண்பர் ஊசியைத் தூக்கியது அந்த நான்கு சுரம் வருவதற்கு முன்னர். ‘இது இப்போதைக்குத் தொடங்காது’ என்று சொல்லிக்கொண்டே தூக்கினார். ‘டார்க் சைட்’டின் இரண்டு பக்கத்தையும் இருந்து கேட்ட அதே சபைக்கு இதற்கு நான்கு நிமிடம் இல்லாமல் போய்விட்டது. நான் மறித்துக் கேட்டபோது, ‘மச்சான், நீ அந்தக் காலத்தில் கேட்டது பாட்டே இல்லை, டைனமோச் சத்தம்’ என்றார். எல்லோரும் சிரித்தீர்கள்.

சிரித்தவர்களில் பாதிப்பேர் 1995க்குப் பிறகு பிறந்தவர்கள் என்பதால் இதைச் சொல்லவேண்டி இருக்கிறது. 1990 இல் போரால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் போனது. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். ஒளித்து விற்கிற விலைக்குப் பற்றறி வாங்கி இங்கிலீஷ் பாட்டுக் கேட்கப்போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை உங்கள் அம்மாமாரிடம் கேட்டுப்பாருங்கள். ஆகவே சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, சக்கரத்தில் உரசி விளக்கெரிக்கும் டைனமோவில் இருந்து கசெற் ரேடியோவுக்கு வயர் இழுத்தோம். நான்கு பற்றறி போடும் கசெற் ரேடியோவுக்கு 6 வோல்ட் வேண்டும், டைனமோவும் 6 வோல்ட்தான். ஆனால் டைனமோவில் வருவது ஆடலோட்டம் (ஏசி), ரேடியோ கேட்பது நேரோட்டம் (டிசி). ஒன்றை மற்றதாக மாற்ற, ரேடியோ திருத்துகிற ஒருவர் நான்கு டயோட்டுகளை ஒரு மட்டைத்துண்டில் வைத்துப் பற்றவைத்துத் தந்தார். காசு வாங்கவில்லை. தனக்கும் ஒருமுறை போட்டுக் காட்டும்படி மட்டும் சொன்னார்.

கசெற் ஒரு சி-90. பக்கத்துக்கு 45 நிமிடம். ‘டார்க் சைட்’ 43 நிமிடத்துக்குள் முடிந்துவிடும், ‘விஷ் யூ வேர் ஹியர்’ 44 நிமிடத்தைத் தொடும். ஒரு பக்கத்தில் அது, மறுபக்கத்தில் இது. இரண்டு பேர் முறைவைத்துச் சுற்றினாலும் ஒரு பக்கம் முடியக் கை சோர்ந்துவிடும். மறுபக்கத்துக்கு மறுநாள்தான். எந்தப் பக்கத்தைப் போடுவது என்று ஒவ்வொரு பின்னேரமும் முடிவெடுக்க வேண்டும். நாடாவைப் பின்னோக்கி ஓட்டுவதற்கு டைனமோவை வீணாக்கக் கூடாதென்று குமிழ்முனைப் பேனையைத் துளையில் நுழைத்துக் கையால் சுற்றினோம். எந்த அல்பம் நல்லது என்று இன்று தேநீர் குடித்துக்கொண்டு வாதாடுகிறோம். எங்களுக்கு அது தோள்மூட்டில் தெரிந்த விடயம். ‘டார்க் சைட்’ ஓடும்போது முறை மாற இன்னும் எத்தனை பாட்டு இருக்கிறது என்று எண்ணுவோம். மறுபக்கத்தில் அந்த எண்ணம் வராது. அடுத்துச் சுற்றவேண்டியவன் சுவரில் சாய்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டு இருப்பான், எழும்பவே மாட்டான். பெரும்பாலும் அப்படி எழும்பாமல் இருந்தவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது. சனிக்கிழமை ஊசியைத் தூக்கினாரே, அவர்தான்.

இதற்குப் பிறகும் ஒரு தம்பி மிகவும் மரியாதையாக, ‘அண்ணை, சுற்றும் வேகம் குறைந்தால் சுருதி இறங்கும், கூடினால் ஏறும், ஆகவே நீங்கள் கேட்டது அந்த அல்பமே இல்லை’ என்று விளக்குகிறார். விஞ்ஞானம் சரி, தம்பி. ஆனால் இரண்டு அல்பத்தையும் கெடுத்தது ஒரே டைனமோ, ஒரே கை, ஒரே நாடா. கெடுதல் இரண்டுக்கும் சமம். அப்படியிருந்தும் ஒன்று மற்றதை விட மேலே நின்றது என்றால் அது யாருக்குப் பெருமை? போரால் மூடிக்கிடந்த ஏ9 பாதை 2002 இல் திறந்ததும் கொழும்பில் இருந்து சீடியில் இரண்டையும் எடுப்பித்துக் கேட்டேன். சுருதி சரியாகவே இருந்தது. என் எண்ணம் மாறவில்லை.

‘அது பழைய நினைவின் மயக்கம்’ என்பவர்களுக்கும் பதில் அதுவே. ஒரே கசெற்றின் ஒரு பக்கத்துக்கு மட்டும் எப்படி மயக்கம் வரும்? மயங்குவதென்றால் இரண்டுக்கும் அல்லவா மயங்கவேண்டும்? ரொறன்ரோவில் ஒருவர் பழைய இசைத்தட்டுகளைத் தேடி வாங்கி அடுக்கினால் அது ரசனை. இங்கே ஒருவன் ஒரு கசெற்றை எறியாமல் வைத்திருந்தால் அது பழைய நினைவு. இந்தச் சட்டத்தை எழுதியவர் யாரென்று தெரிந்தால் சொல்லுங்கள். கில்மரும் ரைட்டும்கூடத் தங்களுக்குப் பிடித்த அல்பம் என்று ‘விஷ் யூ வேர் ஹியர்’ஐத்தான் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் எந்த டைனமோவைச் சுற்றினார்கள்?

அதே குழுவின் ‘த வோல்’தான் சிறந்தது என்கிற கட்சிக்காரர்களுக்கு வருகிறேன். 1979 இல் வந்த அந்த இரட்டை அல்பத்தில் போரில் தகப்பனை இழந்த பையன் வருகிறான். குழுவின் ரொஜர் வோட்டர்ஸின் தகப்பன் 1944 இல் இத்தாலியில் அன்சியோவில் கொல்லப்பட்டவர். எல்லாம் உண்மை. அதற்காக, ‘போரைப் பார்த்த நமக்கு அதுதான் நெருக்கம், நமக்கு அதுதான் பிடிக்கவேண்டும்’ என்று அன்று ஒருவர் பிரசங்கம் செய்தார். போரைப் பார்த்தவன் போர்ப் பாட்டைத்தான் கேட்கவேண்டுமா? ஷெல் விழுந்த ஊரில் இருந்தவன் என்பதால் எனக்கு வேறு ரசனை வரக்கூடாதா? இடம்பெயர்ந்து போனபோது சாவகச்சேரிப் பக்கத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்த நாட்களில் என் தலைக்குள் ஓடியது அந்த நான்கு சுரம்தான். யாரையும் கேட்டுக்கொண்டு அது வரவில்லை.

‘அனிமல்ஸ்’தான் சிறந்தது என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. மின்நிலையத்துக்கு மேலே காற்றடைத்த பன்றியைப் பறக்கவிட்டு, அது கயிறு அறுத்துக்கொண்டு போன அல்பத்தை விரும்புகிறவர்கள் பொதுவாக நல்ல மனிதர்கள்.

‘நம்முடைய இசை இருக்க வெள்ளைக்காரனின் பாட்டுக்கு ஏன் இத்தனை அடிபாடு’ என்று கேட்ட பெரியவருக்கும் ஒரு வார்த்தை. ஐயா, நானும் கோயில் வீதியில் மணலில் இருந்து மேளச்சமா கேட்டு வளர்ந்தவன்தான். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலைப் பற்றி என் தகப்பனார் கதைக்கத் தொடங்கினால் சோறு ஆறிவிடும். அந்தச் சபையில் நாதஸ்வரக்காரர் ராகத்தை எடுத்து ஆலாபனை செய்துகொண்டிருக்கும்போது, தவில் இன்னும் சேரவில்லை, இது இப்போதைக்குத் தொடங்காது என்று சொல்லி யாராவது எழும்பிப்போய் அவர் வாயில் இருந்து நாதஸ்வரத்தைப் பிடுங்குவார்களா? பிடுங்கினால் ஊர் சிரித்துக்கொண்டு இருக்குமா? நீங்களே சொல்லுங்கள். ஆலாபனை கேட்டுப் பழகிய ஊர் இது. கொக்குவிலில் நான்கு நிமிடம் பொறுக்க ஆளில்லை என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

1975 ஜூன் 5ஆம் திகதி நடந்ததை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். லண்டன் அபி ரோட் ஸ்ரூடியோவில் இதே பாட்டின் வேலை நடந்துகொண்டிருந்தபோது, தலைமயிரும் புருவமும் மழித்த, உடம்பு பருத்த ஒருவர் உள்ளே வந்து நின்றார். குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான சிட் பரட். மனநிலை குலைந்து 1968 இல் குழுவை விட்டுப் போனவர். அவரைப் பற்றிய பாட்டைத்தான் அவர்கள் செய்துகொண்டிருந்தார்கள், அவரையே முதலில் அடையாளம் தெரியவில்லை. எத்தனையோ தடவை வாசித்த சம்பவம். இதுவரை பரட்டின் பக்கம் இருந்துதான் அதை யோசித்திருக்கிறேன். சனிக்கிழமை எனக்கும் முன்னால் இருந்த ஒருவரை அடையாளம் தெரியவில்லை.

நண்பர் ஊரை விட்டுப் போனதைப் பற்றி எனக்கு மனக்குறை இல்லை. போகாதவர்கள் யார்? சிலர் வழி கிடைத்துப் போனார்கள், சிலர் வழியிலேயே இல்லாமல் போனார்கள். அவர் போகும்போது கசெற்றை நீ வைத்துக்கொள் என்று தந்துவிட்டுப் போனார், நான் வைத்திருக்கிறேன். நல்ல ரெக்கோட் பிளேயரும் அச்சொட்டான இசைத்தட்டும் வாங்கியிருக்கிறார், மகிழ்ச்சி. ஆனால் ‘டைனமோச் சத்தம்’ என்று சபையில் சொல்லிச் சிரிக்கும் உரிமை அந்த டைனமோவைச் சுற்றாத யாருக்காவது இருக்கலாம். அவருக்கு இல்லை. அவருக்கு மட்டும் இல்லை.

மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று எழுதியவர்களுக்கு: சாப்பாட்டில் இருந்து எழும்பிப் போனதற்காக வீட்டுக்கார அக்காவிடம் அன்று இரவே கதைத்துவிட்டேன். அவருக்கு என்மேல் கோபமும் இல்லை, கொத்துரொட்டியும் மிஞ்சவில்லையாம். வேறு யாரிடமும் நான் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. நண்பர் திரும்பிப் போவதற்குள் இன்னொரு தடவை கூடி ‘டார்க் சைட்’டை மறுபடி போடப்போவதாகக் கேள்விப்பட்டேன். தாராளமாகப் போடுங்கள், நல்ல அல்பம். நான் கோபத்தில் போகவில்லை, தலைவலி என்றுதான் போனேன் என்று எனக்காகப் பரிந்து சமாளிக்கிற தம்பி, உங்கள் நல்ல மனதுக்கு நன்றி. ஆனால் தயவுசெய்து அப்படிச் சொல்லிக்கொண்டு திரியவேண்டாம். எனக்குத் தலைவலி எதுவும் இருக்கவில்லை. கோபத்தில்தான் போனேன்.