300 ஆண்டு இடைவிடாத பல்கலைக்கழகமா?

"செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகம் 1724 முதல் இடைவெளியே இல்லாமல் இயங்குகிறது" என்றொரு தகவல் சுற்றிவருகிறது. இதில் பாதிதான் உண்மை.

அந்த ஆண்டில் ரஷ்ய மன்னர் முதலாம் பீட்டர் அறிவியல் கழகத்தை நிறுவ ஆணையிட்டார். அதோடு ஒரு பல்கலைக்கழகமும் பள்ளியும் சேர்ந்திருந்தன. ஆனால் ஆணை வேறு, வகுப்பு வேறு. அதனால்தான் வரலாற்றாசிரியர்கள் ஆணையோடு நிற்காமல் மாணவர் பட்டியல், விரிவுரை அட்டவணை, சம்பளக் கணக்கு எல்லாவற்றையும் புரட்டுகிறார்கள். அவை காட்டுவது, மாணவர்களே கிடைக்காமல் தடுமாறிய ஒரு நிறுவனத்தை. முதல் மாணவர்களையே ஜெர்மனியிலிருந்துதான் வரவழைத்தார்கள்! அந்த 18ஆம் நூற்றாண்டுக்குள்ளேயே அது மங்கி மறைந்தது.

இன்றைய பல்கலைக்கழகம் 1819இல், ஆசிரியர்களுக்கான முதன்மைப் பயிற்சி நிறுவனத்தை அடித்தளமாகக் கொண்டு உருவானது. பல்கலைக்கழகமே 1869இல் 50ஆம் ஆண்டையும் 1969இல் 150ஆம் ஆண்டையும் கொண்டாடியது. 1999இல் மட்டும் திடீரென 275 வயதாகிவிட்டது. முப்பதே ஆண்டுகளில் இப்படியொரு முதுமை!

இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அது விவாதத்துக்குரிய கருத்து. "இடைவெளியே இல்லை" என்பது தவறு. 1755இல் நிறுவப்பட்ட மாஸ்கோ பல்கலைக்கழகத்தைப் பலர் மூத்ததாகக் கருதுவதும் இதனால்தான்.