குறட்டை ஆழ்ந்த தூக்கத்தின் அடையாளம் இல்லை

"பையன் குறட்டை விட்டு நல்லாத்தான் தூங்குறான், பகல்ல சோர்வு வெறும் சோம்பேறித்தனம், செல்போனைப் பிடுங்கினா சரியாயிடும்" என்று, பகலில் சோர்ந்து கிடக்கும் ஒரு பையனைப் பற்றிய கேள்விக்கு ஒரு அண்ணன் பதில் எழுதியிருக்கிறார். செல்போன் விஷயம் ஓரளவு சரி. மற்றது தவறு.

காட்பாடியில் என் அக்கா மகனும் இப்படித்தான். வாயைத் திறந்து, கழுத்தைப் பின்னால் வளைத்துப் படுப்பான். வேலூர் வெயிலுக்குத்தான் தலையணை நனைகிறது என்று நினைத்தோம், மார்கழியிலும் நனைந்தது. குறட்டை திடீரென நிற்கும், சில நொடி சத்தமே இருக்காது, அப்புறம் திணறி மூச்சு இழுப்பான். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும், தொண்டையில் இருக்கும் டான்சிலும் வீங்கி மூச்சுப் பாதையை அடைத்திருந்தது. இப்படித் தூக்கம் உடையும் பிள்ளைகள் எல்லோரும் பகலில் தூங்கி வழிவதில்லை. சிலர் துறுதுறுவென்று ஓடி, படிப்பில் கவனமில்லாமல் திட்டு வாங்குவார்கள்.

6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். அவ்வளவு தூங்கியும் சோர்வு என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தசோகை, தைராய்டு பார்ப்பார்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் உடலின் இரும்புச் சேமிப்பு குறைந்திருக்கலாம், அதற்கு ஃபெரிட்டின் என்று தனிப் பரிசோதனை உண்டு. தேவைப்பட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவர், இரவுத் தூக்கப் பரிசோதனை. வேலூர் பக்கம் இருப்பவர்கள் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலேயே தொடங்கலாம்.

போகும் முன், பிள்ளை தூங்கும்போது இரண்டு நிமிடம் வீடியோ எடுத்து வையுங்கள். அதற்கு அந்தச் செல்போன் உதவும்.